யானை பார்த்த வளை

கரடிமலைக் காட்டுக் குளக்கரையில் செவலி என்ற கீரி வசித்தாள். செம்பழுப்பு ரோமம், கொஞ்சம் காரமான வாய். அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. ஐப்பசி மழைக்கு முன்பு நல்ல வளை ஒன்று வேண்டும். தானே தோண்டலாம் என்றால், பாம்போடு போட்ட சண்டையில் முன்னங்கால் சுளுக்கிக் கிடந்தது.

முன்பெல்லாம் யாரையாவது கூப்பிட்டுத் தோண்டச் சொல்லிவிடலாம். இப்போது முடியாது. வளைகள் சரிந்து விழுகின்றன என்று புகார் வந்ததால் சிங்கராஜா சட்டம் போட்டிருந்தார். வளை தோண்டும் பள்ளியில் படித்து, நெற்றியில் செம்மண் முத்திரை வாங்கியவர்தான் இனிமேல் தோண்டலாம். பள்ளியை நடத்தியவர் பெருச்சாளியார். படிப்பின் தரத்தைச் சோதிக்க ஒரு குழுவும் இருந்தது. அதற்கு யானையார் தலைவர். காட்டெருமையும் கலைமானும் உறுப்பினர்கள்.

செவலிக்குத் தோண்ட வந்தவன் மொட்டைவால் என்ற இளம் பெருச்சாளி. நெற்றியில் முத்திரை பளிச்சென்று இருந்தது. அரை நாளில், "வேலை முடிந்தது அக்கா!" என்றான்.

வளையின் வாய் அத்தனை அழகு! பானை வாய்போல வட்டம். ஓரமெல்லாம் வழவழவென்று மெழுகியிருந்தான். செவலி மகிழ்ச்சியோடு உள்ளே நுழைந்தாள். வால் உள்ளே வரும் முன்பே மூக்கு மண்ணில் இடித்தது.

"என்னடா இது? உள்ளே ஒன்றுமே இல்லையே! படுக்க மேடு எங்கே? தப்பிக்கப் பின்வாசல் எங்கே?"

"எங்களுக்கு வாய் வரைக்கும்தான் பாடம் அக்கா. ஆனால் வாயைப் பாருங்கள்! வகுப்பிலேயே நான்தான் முதல்!"

"வாயிலா நான் குட்டி போடுவேன்? இன்னும் தோண்டு!"

அவனும் பாவம், தெரிந்ததைச் செய்தான். கீழே, இன்னும் கீழே, நேராகக் கீழேயே தோண்டிக்கொண்டு போனான். வளை மேல்நோக்கி ஏறினால்தான் தண்ணீர் தங்காது என்று செவலி கத்தினாள். "அது பாடத்தில் இல்லையே!" என்றான் மொட்டைவால். அதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தக் குழியிலேயே மூன்று குட்டிகளை ஈன்றாள்.

குட்டிகள் கண் திறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. வளை குடம்போல நிரம்பியது. செவலி நொண்டிக்கொண்டே ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்விப் பக்கத்துப் புற்றுமேட்டுக்கு ஏற்றினாள். கடைசிக் குட்டி விறைத்துப்போயிருந்தது. அது 'கீச்' என்னும் வரை நக்கிக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டதும் நேராக யானையாரிடம் போனாள்.

"ஐயா, உங்கள் முத்திரை வளையில் என் கடைக்குட்டி செத்துப் பிழைத்தது!"

யானையார் காதை ஆட்டினார். "முத்திரை பெற்றவன்தானே தோண்டினான்?"

"ஆமாம்."

"அப்படியானால் அது நல்ல வளைதான் அம்மா. நாங்களே சோதித்துத்தான் முத்திரை போட்டோம்."

"எப்படிச் சோதித்தீர்கள்? உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

காட்டெருமை தொண்டையைச் செருமியது. கலைமான் குளத்துத் தண்ணீரில் தன் கொம்பைப் பார்த்துக்கொண்டது.

"நான் எப்படியம்மா உள்ளே போவேன்?" என்றார் யானையார். "வாயைப் பார்த்தோம். வட்டம் சரி. ஓரம் வழவழப்பு. முழு மதிப்பெண்!"

செவலிக்கு இப்போது விளங்கியது. குழு பார்ப்பது வாயை மட்டும். அதனால் பெருச்சாளியார் கற்றுக்கொடுப்பதும் வாயை மட்டும்!

"ஐயா, வீடு உள்ளே இருக்கிறது! உள்ளே பாருங்கள்!" என்று கத்தினாள்.

"அட, நல்ல யோசனை!" என்றார் யானையார். உடனே குழு கூடியது. தலைவர் தலையை விட்டுப் பார்க்கும் அளவுக்கு இனி வளையின் வாய் அகலமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

செவலி தலையில் அடித்துக்கொண்டாள். மொட்டைவால் வந்து நீரை இறைத்தான், வாயை அகலமாக்கினான், வட்டத்தை மறுபடி மெழுகினான். ஈரம் காய்ந்ததும் யானையார் வந்து தலையை விட்டுப் பார்த்தார். "ஆகா, நன்றாகத் தெரிகிறது! அருமையான வளை!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலி குட்டிகளோடு உள்ளே திரும்பியதும் அடுத்து எட்டிப் பார்த்தது நரி.

"என்ன செவலி, சௌக்கியமா? இத்தனை நாளாக வளை வளையாகக் குனிந்து என் முதுகே போயிற்று. இனி நிமிர்ந்தே உள்ளே வரலாம்! குழுவுக்கு என் நன்றியைச் சொல்லிவிடு!"

செவலி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து அதன் மூக்கைக் கடித்தாள். நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. ஆனால் நரி ஒரு கடிக்கு அடங்கிவிடுமா? செவலி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அரசவைக்குப் புறப்பட்டாள்.

அங்கே பார்த்தால் பெருச்சாளியாருக்குப் பாராட்டு விழா! சிறந்த பள்ளிக்கான மாலையைச் சிங்கராஜா கையில் வைத்திருந்தார். செவலி விறுவிறுவென்று போய்க் குட்டிகளை அவர் காலடியில் இறக்கினாள்.

"ராஜா, மாலை போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். என் வளையை இவருடைய முதல் மாணவன் தோண்டினான். உங்கள் குழு அருமை என்றது. இவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே வந்து இருக்கட்டும். நான் இவர் வளைக்குப் போகிறேன்."

"நியாயமாகத்தானே கேட்கிறாள்?" என்றார் ராஜா. "போய் இருங்கள், பெருச்சாளியாரே."

பெருச்சாளியாரின் மீசை துடித்தது. "எனக்குப் பழைய வளைதான் பழக்கம், ராஜா…"

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. கூட்டத்திலிருந்து அவர் மனைவி அலறினாள். "ஐயையோ, நான் மாட்டேன்! உங்கள் பள்ளிப் பிள்ளைகள் தோண்டும் வளையில் தவளைதான் குடியிருக்கும் என்று வீட்டில் நீங்கள்தானே சொல்லிச் சிரித்தீர்கள்!"

ராஜா மாலையை மெல்லக் கீழே வைத்தார்.

"தெரிந்துமா கற்றுக்கொடுக்கவில்லை?"

"உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே ராஜா! வாயைத்தானே பார்த்தார்கள்!"

யானையார் தும்பிக்கையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

ராஜா கர்ஜித்தார். "இனி மாணவன் தோண்டும் வளையில் ஆசிரியர் குடும்பத்தோடு ஒரு பெருமழைக்கு இருக்க வேண்டும். நனையாமல் வெளியே வந்தால்தான் மாணவனுக்கு முத்திரை. இந்தக் கீரியின் வளையைப் பெருச்சாளியார் இன்றே முன்னால் நின்று திருத்திக் கொடுக்க வேண்டும்!"

"அப்படியானால் எங்கள் குழு?" என்றார் யானையார்.

"வெளியே மழையில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள்!"

பெருச்சாளியாருக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை பாடம்! வளை எங்கே மேலேற வேண்டும், மேடு எங்கே, பின்வாசல் எங்கே என்று மூச்சு விடாமல் சொன்னார். மொட்டைவால் ஆசையாகக் கேட்டு, நரி நுழையாதபடி வாயையும் மண் வைத்துக் குறுக்கி, மாலைக்குள் தோண்டி முடித்தான்.

"உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா. அவசரத்தில் வாய்தான் கொஞ்சம் கோணல்," என்று தலையைச் சொறிந்தான்.

"கோணலாகவே இருக்கட்டும் போ!"

மழை கொட்டியது. வளைக்குள் மேட்டில் மூன்று குட்டிகளும் காய்ந்த சருகுமேல் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தூங்கின. "இதற்குப் போய் ஒரு தாய் அரசவை வரை நொண்ட வேண்டியிருந்ததே!" என்று முணுமுணுத்தபடி செவலி கடைக்குட்டியை அணைத்துக்கொண்டாள்.

வேலை கற்றவனின் தரத்தை, அந்த வேலையை நம்பி உள்ளே வாழப்போகிறவரைக் கேட்காமல் வெளியே நின்று அளந்தால், முத்திரை மட்டுமே நன்றாக இருக்கும்.