தாரை வார்த்த தன்னம்பிக்கை

அந்த ராஜ்ஜியத்தின் பெயரை எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ரொம்பக் காலத்துக்கு முன்பு, ஒரு பெரிய ஏரியின் கரையோரம் கோட்டை கட்டி ஆண்ட தென்னவராயன் என்ற ராஜாவின் கதை இது. நல்ல மனிதர். முன்கோபம் கிடையாது, குடி கிடையாது, குடிமக்களை வருத்தியதும் கிடையாது. ஆனால் அவரோடு ஒரு பொழுது இருந்தால் போதும், எப்பேர்ப்பட்ட பொறுமைசாலிக்கும் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும்.

காரணம், ராஜாவுக்குத் தன்மேல் துளி நம்பிக்கையும் இல்லை. தும்மினால், தனக்கு ஜலதோஷமா என்று சபையைக் கேட்பார். இலை முன்னால் உட்கார்ந்தால், தனக்குப் பசிக்கிறதா என்று சமையற்காரரைக் கேட்பார். மழை வருமா என்று ஒரு ஜோசியரைக் கேட்டுவிட்டு, நனைந்துகொண்டே இன்னொரு ஜோசியருக்கு ஆள் அனுப்புவார். வரப்புத் தகராறு என்று இரண்டு குடியானவர்கள் அவர் முன்னால் வந்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் அவர்கள் சம்பந்திகளாகி, வரப்பையே வெட்டி எறிந்துவிட்டார்கள்.

ராஜா பிறவியிலேயே இப்படி இல்லை. பட்டத்துக்கு வந்த புதிதில் தாமே பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு வெள்ளைக் குதிரையில் நகர்வலம் போனார். கடைவீதித் திருப்பத்தில் அது மிரண்டு அவரைக் கீழே தள்ளிவிட்டது. ஊர் சிரித்தது. நான்கைந்து நாளில் மறந்தும் போனது. மறக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ராஜா. இன்னொருவர் பிரதானி வீழிநாதர். ராஜா எதையாவது சொந்தமாக முடிவு செய்ய வாயெடுத்தால் போதும், வீழிநாதர் காதருகே குனிந்து, "பிரபு, அந்தக் குதிரை..." என்று இழுப்பார். ராஜா வாயை மூடிக்கொள்வார். முடிவு வீழிநாதருடையதாகிவிடும்.

அந்தச் சபையில் செவந்தியப்பன் என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரிக்க வைப்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தலைப்பாகையைக் கழற்றி மூலையில் வீசுவான். அவன் மனைவி வடிவம்மை, ராஜா எப்படி இருந்தால் உங்களுக்கென்ன, கூலி ஒழுங்காக வருகிறதல்லவா என்பாள்.

"உனக்கென்ன தெரியும் வடிவு. இன்னைக்கு, தன் பேரு நல்லா இருக்கான்னு கேட்டாரு. எங்கிட்ட இல்ல, குதிரைக்குப் புல்லு போடுறவன்கிட்ட."

ஒருநாள் செவந்தியப்பன் சபையில் ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். ராஜாவின் உதடு துடித்தது. வயிறு குலுங்கியது. ஆனாலும் அவர் வீழிநாதரைத் திரும்பிப் பார்த்து, சிரிக்கலாமா என்று கேட்டார். அன்றைக்கு விகடகவிக்குப் பொறுமை போய்விட்டது.

"மகாராஜா, வயிறு தங்களுடையது, சிரிப்பும் தங்களுடையது. இதற்குப் பிரதானியாரின் அனுமதி எதற்கு?"

ராஜாவுக்குக் கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது. உனக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு தன்னம்பிக்கை வருகிறது என்று விசாரித்தார். நெடுநாளாக விகடகவியின்மேல் பொருமிக்கொண்டிருந்த வீழிநாதருக்கு இது போதுமானதாக இருந்தது.

"பிரபு, நாட்டில் உள்ள உயர்ந்த பொருளெல்லாம் அரசருக்கே உரியது. இவனிடம் உள்ள தன்னம்பிக்கையை இவன் தங்களுக்குக் கொடுத்துவிடட்டும். பாதி அல்ல, முழுவதும். இந்த ஐப்பசி முடிவதற்குள் அது தங்களிடம் வந்து சேராவிட்டால், இவன் நாட்டைவிட்டே போகட்டும்."

இது சரிதானா என்று ராஜா வரிசையாக எல்லோரையும் கேட்டார். வீழிநாதர் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியே உத்தரவாயிற்று.

செவந்தியப்பன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். வடிவம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "அது என்ன புளியாங்க, உருட்டிக் கையில குடுக்க? புளின்னாக்கூட, குடுத்துட்டா நாளைக்கு நமக்குக் குழம்புக்கு என்ன பண்றது?"

அவன் அவளையே பார்த்தான். "குடுத்துட்டா நம்மகிட்ட இருக்காதுல்ல?"

"எப்படி இருக்கும்?"

அவன் எழுந்து போய் மூலையில் கிடந்த தலைப்பாகையைத் தட்டி எடுத்துவைத்தான்.

மறுநாள் ஒரு கிண்டியில் தண்ணீரோடு சபைக்கு வந்தான். நிலமோ தோட்டமோ தானம் கொடுப்பவர் நீர் வார்த்துக் கொடுப்பதும், வார்த்தபின் அது கொடுத்தவருடையதல்ல என்பதும் அந்நாட்டு வழக்கம். ராஜாவின் உள்ளங்கையில் தண்ணீரை வார்த்து, "என் தன்னம்பிக்கை முழுவதையும் தங்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை" என்றான். ராஜா நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று வீழிநாதரைக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர், திருப்தியாக.

செவந்தியப்பன் வணங்கிவிட்டு வாசல்வரை போனான். அங்கே ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். ஏன் நிற்கிறாய் என்று ராஜா கேட்டார்.

"வாசற்படியை இந்தக் காலால் தாண்டுவதா, அந்தக் காலால் தாண்டுவதா என்று தெரியவில்லை, மகாராஜா. நேற்றுவரை தெரிந்தது."

"ஏதாவது ஒரு காலால் தாண்டு."

"ஏதாவது என்றால் எது, மகாராஜா?"

வலது கால் என்றார் ராஜா. தாண்டியதும் மேற்கே போவதா கிழக்கே போவதா என்று வந்து கேட்டான். வீட்டுக்குப் போ என்றார். வீட்டுக்கு எந்த வழி நல்ல வழி என்று திரும்ப வந்தான். ராஜா சொல்லி அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

அது அன்றோடு முடியவில்லை. ராஜா எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருக்கும்போது வந்து, தன் முதுகு அரிக்கிறது, சொறியலாமா என்று கேட்டான். ராஜா சாப்பிடும்போது வந்து, தன் வீட்டில் ரசம் இறக்கியாயிற்று, சூடாகச் சாப்பிடுவதா ஆறவிட்டா என்று கேட்டான். ராணியோடு பேசிக்கொண்டிருந்தபோது திரைக்கு வெளியே நின்று, தனக்குக் கொட்டாவி வருகிறது, விடலாமா என்று கேட்டான். சொறி, சூடாகவே சாப்பிடு, விட்டுத் தொலை என்று ராஜா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அரண்மனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செவந்தியப்பன் கைகட்டி நின்றான். ராஜாவுக்கு அவன் நிழலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாவற்றையும் என்னிடமே ஏன் கேட்கிறாய்?"

"வேறு யாரைக் கேட்பது, மகாராஜா? என் தன்னம்பிக்கை தங்களிடம்தானே இருக்கிறது."

போய் வீழிநாதரைக் கேள் என்று ராஜா துரத்திவிட்டார். போனான். அன்று சாயங்காலமே திரும்பி வந்தான். கறவை மாட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பிரதானியாரைக் கேட்டதாகவும், விற்றுவிடு, என் மைத்துனன் வாங்கிக்கொள்வான் என்று அவர் சொன்னதாகவும் தெரிவித்தான். மாடு போய்விட்டதே, பாலுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதே மைத்துனனிடம் வாங்கிக்கொள் என்றாராம். வடிவம்மை அவனை வீட்டுக்குள் விட மறுக்கிறாளாம்.

சிரிக்க வேண்டிய ராஜா சிரிக்கவில்லை. மாட்டை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கும்படி பிரதானிக்குச் சொல்லியனுப்பினார். அது சரியா என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காததை அவரே கவனிக்கவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பகலில், ஏரியின் மடைக்காரர் பெரியாண்டான் சொட்டச் சொட்ட நனைந்தபடி சபைக்குள் ஓடிவந்தார். ஏரி விளிம்புவரை நிறைந்துவிட்டது, தெற்கு மடையைத் திறந்தால் தண்ணீர் வடியும், ஆனால் தாழ்வான நிலமெல்லாம் முழுகும், உத்தரவு வேண்டும் என்றார். கரை எவ்வளவு தாங்கும் என்று ராஜா அவரைக் கேட்டார்.

"மழை விட்டா தாங்கும் சாமி. விடலைன்னா தாங்காது. விடுமா விடாதான்னு எனக்குத் தெரியாது."

ஒருவருக்கும் தெரியவில்லை. மேலைக்காட்டில் கருமேகம் கட்டி நிற்கிறது என்றார் ஒருவர். காற்று திரும்பிவிட்டது என்றார் இன்னொருவர். ஜோசியர் வரும்வரை பொறுப்போம் என்றார் வீழிநாதர். தெற்கு மடைக்குக் கீழேதான் அவருடைய வாழைத்தோட்டம் இருந்தது. ராஜா முகம் முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் குனிந்தது.

அந்த நேரம் பார்த்துச் செவந்தியப்பன் முன்னால் வந்து, தான் நின்றுகொண்டிருப்பதா உட்காருவதா என்று கேட்டான்.

"உட்கார்" என்றார் ராஜா, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அதே மூச்சில் மடைக்காரரிடம், "தெற்கு மடையைத் திற" என்றார்.

வீழிநாதர் பதறிப்போய்க் காதருகே குனிந்தார். "பிரபு, அந்தக் குதிரை..."

"நினைவிருக்கிறது, வீழிநாதரே. விழுந்தேன். பிறகு எழுந்து, அதே குதிரையில் ஏறித்தான் அரண்மனைக்கு வந்தேன். அதை மட்டும் நீர் எனக்கு ஒருநாளும் நினைவுபடுத்தியதில்லை."

மடை திறந்தது. மழை விடவில்லை. கரை நின்றது. பிரதானியின் வாழைத்தோட்டம் தலைமட்டம் முழுகியது. ஆனால் தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை, குயவர் தெருவுக்குள்ளும் புகுந்தது. சூளைக்காகக் காய்ந்துகொண்டிருந்த பச்சைப் பானைகள் கரைந்து சேறாகிவிட்டன. செய்தி கேட்டு ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார். சபை பின்னாலேயே தத்தளித்துக்கொண்டு போனது. இது என் உத்தரவால் வந்தது என்றார் ராஜா.

சேற்றில் நின்ற சின்னாத்தாள் என்ற குயவப் பெண், கும்பிடக் கையெடுத்தவள் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"ஏரி ஒடைஞ்சிருந்தா நாங்களே இருந்திருக்க மாட்டோம் சாமி, அது தெரியுது. ஆனா முன்னாடியே ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தா, பானையை மேட்டுல தூக்கி வெச்சிருப்போம்ல?"

சபையார் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். முன்பென்றால் இதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

"ஆமாம் தாயே. சொல்லியனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை" என்றார் ராஜா. அடுத்த சூளை வேகும்வரை அந்தத் தெருவுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் போகும் என்று அங்கேயே நின்று உத்தரவிட்டார். திரும்பும்போது சேற்றில் ஒருமுறை வழுக்கினார். பிடிக்க வந்தவர்களை வேண்டாமென்று விலக்கிவிட்டு, தாமே சமாளித்துக்கொண்டு நடந்தார்.

மழை ஓய்ந்து சபை கூடியது. தோட்டம் போன ஆத்திரத்தில் வீழிநாதர் எழுந்தார். ஐப்பசி முடிந்துவிட்டது என்றும், தண்ணீரை ஊற்றித் தன்னம்பிக்கை என்று ஏமாற்றியவனை நாடு கடத்த வேண்டும் என்றும் வாதிட்டார். ராஜா விகடகவியின் பக்கம் திரும்பி, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"பதில் சொல்லலாமா வேண்டாமா, மகாராஜா? தாங்களே சொல்லிவிடுங்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை, சபையில் ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீழிநாதரே, நீர் பிரதானியாகவே இரும். ஆனால் என் காதருகே நிற்க வேண்டாம். அதோ அந்தத் தூணருகே நின்று, சொல்வதைச் சபைக்கே கேட்கும்படி சொல்லும்" என்றார்.

விகடகவியை அருகில் அழைத்து, உன் பொருளை உனக்கே திருப்பித் தாரை வார்த்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், மகாராஜா. அது கிணற்றுத் தண்ணீர். வீட்டில் இன்னும் ஒரு குடம் இருக்கிறது."

ராஜா மறுபடி சிரித்து, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். வேறென்ன வேண்டும் என்றதற்கு, தான் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராத இடத்தில் கொஞ்சநாள் படுத்துத் தூங்க வேண்டும், கேட்டுக் கேட்டுத் தானும் களைத்துவிட்டதாகச் சொன்னான் செவந்தியப்பன். தை பிறக்கும்வரை சபைப்பக்கம் வரக்கூடாது என்று ராஜா உத்தரவு போட்டு, அவனையும் வடிவம்மையையும் பல்லக்கில் ஏற்றி அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் ராஜா கிளிப்பச்சைப் பட்டில் சிவப்புக் குஞ்சலம் வைத்த அங்கி ஒன்றைத் தாமே எடுத்து அணிந்துகொண்டு சபைக்கு வந்தார். சபையில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ராஜாவுக்குப் பிடித்திருந்தது.