வடிகட்டிய பிறகு

"அந்தாளு மனுஷனா மேடம்?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தான் கோமதிநாயகம். கையில் ஆய்வுப் பத்திரிகை திருப்பி அனுப்பிய கட்டுரை. மாசக் கடைசிக்குள் அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவனுடைய பிஎச்டி பதிவே ரத்து. ஆறு வருஷம் அம்போ.

அவனுக்கு வழிகாட்டி ஹபீபா மேடம். பேச்சில் படு சிக்கனம்.

"யாரு?"

"என் கட்டுரையை மதிப்பிட்ட ரிவியூவர். வேலை செஞ்சு முடிச்ச வினையூக்கியை மறுபடி சோதிச்சுக் காட்டணுமாம். வேலைக்குப் போடுறதுக்கு முன்னாடி இருந்த புதுப் பொடிக்கு இருபது பக்கம் கொடுத்திருக்கேன், போதாதாம்!"

"காட்டேன்."

"எதுக்கு மேடம்? வினையூக்கி வேலையை முடிச்சுக் கொடுக்கும், தான் மாறாது. பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு. அந்தாளு பள்ளிக்கூடமே போகலையா?"

"உன் பொடியில என்ன இருக்கு?"

"கரித்தூள். அது மேல வெள்ளி. வெள்ளிதான் வேலை செய்யும், கரி அதைப் பிடிச்சு வச்சிருக்கும். மஞ்சள் கரைசல்ல போட்டு அஞ்சு தடவை ஓட்டினேன். அஞ்சு தடவையும் மஞ்சள் காணாமப் போச்சு. இன்னும் என்ன வேணுமாம்?"

"ஆறாவது தடவை ஓட்டு."

ஆய்வுக்கூடத்தில் அவர் கண் முன்னாலேயே ஓட்டினான். முணுமுணுத்துக்கொண்டேதான். மஞ்சள் கரைசலில் பொடியைப் போட்டான். நாலு நிமிஷம். மஞ்சள் போய்விட்டது.

"பார்த்தீங்களா?"

"வடிகட்டு."

வடிகட்டினான். தாளில் கறுப்புப் பொடி தங்கியது. கீழே நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரி ஒரு திரவம்.

மேடம் தாளை மடித்து அவன் கையில் வைத்தார்.

"வேலை செஞ்சது இதுதானே?"

"இதேதான்."

மேடம் மஞ்சள் கரைசலை எடுத்து, கீழே வடிந்த திரவத்தில் கொஞ்சம் ஊற்றினார்.

அவனுக்குச் சுர்ரென்று வந்தது. "அது கழிவு மேடம்! சிங்க்ல கொட்டுறது. பொடி இல்லாம மஞ்சள் நாள் முழுக்க வச்சாலும் போகாது. அதையும் சோதிச்சு ஏழாம் பக்கத்துல போட்டிருக்கேன். அந்தாளு அதையாவது படிச்சானா?"

மேடம் குடுவையைப் பார்த்தார்.

அவனும் பார்த்தான்.

மஞ்சள் வெளிறியது. இன்னும் வெளிறியது.

போய்விட்டது.

கையிலிருந்த தாளை மெல்லப் பிரித்தான். அதே கறுப்பு. கரைசலில் போடும்போது இருந்த அதே கறுப்பு.

"மேடம்... வெள்ளி தண்ணியில இறங்கிடுச்சா? அப்ப இதுல இருக்கிறது என்ன?"

"அதைத்தானே நாயகம், அந்தாளு கேட்டாரு?"