பொன்மதியின் சிரிப்பு

"என் மக சிரிக்கா தாயே."

"நல்லதுதானே அண்ணாச்சி."

"நல்லதில்ல தாயே. அதான் ஓடி வந்தேன்."

மடத்துத் தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாயார் என்றதும் பல் போன கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயது இருக்கும். எதிரே நின்ற இசக்கிமுத்துவுக்குத் தங்கச்சி வயசு. ஆனாலும் அம்பாசமுத்திரத்தில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து அவளிடம்தான் கொட்டுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

"உக்காந்து சொல்லுங்க."

இசக்கிமுத்து உட்காரவில்லை. தோளில் கேமராப் பை தொங்க, நின்ற வாக்கிலேயே சொன்னார்.

அவர் போட்டோக்காரர். கடைத்தெருவில் மகள் பொன்மதி பேரிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் அரிசி பருப்பு ஓடும்; ஆனால் ஆளை உட்கார்த்தி வைத்து நிதானமாக முகத்தை எடுப்பதில்தான் அவருக்கு உயிர். ஸ்டூலில் உட்கார வைப்பார். இரண்டு விரலால் முகவாயை லேசாகத் தூக்குவார். "ஆங்... அப்படியே... சிரிங்க." ஜப்திக்கு வந்த கோர்ட்டு அமீனாவே அவர் முன்னால் சிரித்திருக்கிறார், போதாதா? மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் படம் அனுப்ப வேண்டுமென்றால் சுற்றுவட்டாரமே இவரிடம்தான் வரும்.

புது லைட் வாங்கினால் பொன்மதியை நிறுத்திப் பார்ப்பார். புது லென்ஸ் வாங்கினாலும் அவள்தான். பேச்சு வருமுன்னே முகவாயைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டது பிள்ளை. இப்போது ஒன்பது வயசு.

"ஆடி மாசம் ஒரு பையன் பிறந்தான் தாயே. ஒரு வாரம்கூட நிக்கல."

கீரையில் இருந்த கை நின்றது.

"ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வாரேன். பொன்மதி வாசல்ல நிக்கா. தம்பி எங்கன்னு கேட்டுருவாளோன்னு பயந்துட்டேன். அவ அம்மையோட அழுகையப் பாத்துட்டுதான் வாரேன். இன்னொரு அழுத முகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல. முகவாயத் தூக்கி, 'சிரி மக்கா, அப்பாவுக்காக'ன்னேன்."

"சிரிச்சாளா?"

"அன்னைக்குச் சிரிச்சவதான். இன்னும் நிறுத்தல."

யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிக்கிறாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. ஏன் தின்னவில்லை என்று கேட்டால் சிரிக்கிறாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வருகிறது. கதவிடுக்கில் விரல் நசுங்கி நீலம் பாரித்தபோதும் முகவாயைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். டீச்சரம்மா, "சிரிச்ச முகமா இருக்கா, அவளுக்கு என்ன குறை?" என்கிறார். டாக்டரும் அதையேதான் சொன்னார், ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

"உள்ளுக்குள்ள பிள்ளைக்கு என்னமோ ஆகுது தாயே. என்னன்னு எனக்குத் தெரியல. ஊர்ல உள்ள முகத்தையெல்லாம் படிச்சவன் நான். பெத்த பிள்ளை முகம் எனக்குப் புரியல. அவளும் போயிருவாளோன்னு..."

தோளில் தொங்கிய பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தாயார் எழுந்தாள். அவர் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். லென்ஸுக்கு மூடியைப் போட்டாள். திருப்பிக் கொடுத்தாள்.

உட்கார்ந்து மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா தாயே?"

ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள்.

அவ்வளவு போதாதா, புரிந்துவிட்டது இசக்கிமுத்துவுக்கு. வீட்டுக்கு வந்த கையோடு கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினார். ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்த பொன்மதியின் பெரிய படத்தைக் கழற்றினார். வந்தவர்களையெல்லாம் வேறு கடைக்குப் போகச் சொன்னார். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் திட்டிவிட்டே போனார்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் மனைவி சண்முகக்கனி. "பிள்ளைக்குத்தான் சீக்குன்னா நீங்களும் சேந்துகிட்டீங்களா?"

"நீ சும்மா இரி. தாயார் சொல்லியிருக்கா."

வேலை இல்லையா, இப்போது முழு நேரமும் வீடுதான். பிள்ளை முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது பார்த்தார். பாடம் எழுதும்போது பார்த்தார். தலை பின்னும்போது கண்ணாடிக்குள் பார்த்தார்.

பார்த்த நேரமெல்லாம் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் காலை பிரேயரின்போது பொன்மதி மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். குனிந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

உதடு நடுங்கியது. முகவாய் மெல்ல உயர்ந்தது. சிரித்தாள்.

இசக்கிமுத்து பிள்ளையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் மடத்துக்கு ஓடினார்.

"மூடச் சொன்னீங்க, மூடினேன்! என் பொழப்பும் போச்சு. பிள்ளை சாகக் கிடக்கா, இன்னும் சிரிக்கா!"

தாயார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிழிந்த சேலையைக் கொடியிலேயே விட்டுவிட்டு அருகே வந்தாள்.

"எதை மூடுனீங்க அண்ணாச்சி?"

"கேமராவத்தான்! வேற எத?"

தாயார் அவர் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். இமை தட்டவில்லை. திட்டுகிற பார்வையும் இல்லை, இரக்கப்படுகிற பார்வையும் இல்லை. அவர் முகத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை.

இசக்கிமுத்துவுக்கு வந்த அழுகை நின்றது. கோபமும் நின்றது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஆயுசு முழுக்க அவர்தான் மற்றவர்களை இப்படிப் பார்த்திருக்கிறார். அவரை யாரும் பார்த்ததில்லை.

அவர் முகவாய் தானாக உயர்ந்தது.

உதடு விரிந்தது.

அய்யோ, சிரித்துக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கே உறைத்தது. பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. நிறுத்தப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நிறுத்த முடியவில்லை.

தாயார் சேலையை உதறப் போய்விட்டாள்.

போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை இசக்கிமுத்து. வந்த வழியே ஓடினார்.

வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார். வழியில் குடத்தை இடறினார், சண்முகக்கனி, "என்னங்க இது?" என்றாள். வாயில் விரல் வைத்துக் காட்டினார். கட்டில் காலில் முட்டி, தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, கண்ணுக்கு என்ன?"

"மூடியிருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான் மக்கா."

முகத்துக்கு நேரே காற்று அசைந்தது. கையை ஆட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"பாக்கலல்லா?"

"பாக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா பாக்கல."

பிறகு கட்டில் லேசாக ஆடியது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு எலும்புக்கூட்டுக் கனம் அவர் மடியில் வந்து விழுந்தது. சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்தது, சூடாக.

"தம்பிக்கு நான் பேரு வச்சிருந்தேன்ப்பா."

அவருக்கு அது தெரியாது. யாருமே அவளிடம் கேட்கவில்லை.

"என்ன பேரு மக்கா?"

சொன்னாள். அழுகையில் பாதி பேர்தான் வெளியே வந்தது. மீதியைச் சொல்ல முடியாமல் விக்கினாள், விக்கிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பதறி, இசக்கிமுத்துவின் இமைகள் துடித்தன.

சட்டென்று இரண்டு சின்னக் கைகள் அவர் கண்ணைப் பொத்தின.

"திறந்துறாதீங்கப்பா. திறந்தா நான் சிரிக்கணும்."