ஊற்றடியில் ஆவுடையம்மாள்

தூண்டில் சாமியிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போவது நல்லது. அவர் பதில் சொல்ல மாட்டார். தூண்டிலைக் கையில் கொடுத்து ஏரிக்குள் இறக்கிவிட்டுவிடுவார்.

நீலகிரியில், தேவக்கொம்பை ஏரிக்கரையில், தகரம் வேய்ந்த குடிலில் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. காவி கிடையாது. முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், தலையில் கம்பளிக் குல்லா, அவ்வளவுதான். பிடிக்கிற மீனில் பாதியைத் தண்ணீரில் விடுவார், மீதியை எண்ணெயில் விடுவார். இவரெல்லாம் ஒரு சாமியா என்று திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் அடுத்த வாரமே மண்புழு டப்பாவோடு திரும்பி வந்தார்கள்.

அந்தக் கோடையில் அவரிடம் ஆவுடையம்மாள் வந்தாள். வயது ஐம்பத்தெட்டு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ‘ஆவுடை மெஸ்’ அவளுடையது. அடுப்படியிலேயே நின்று நின்று உள்ளங்காலில் எரிச்சல் கண்டு, ராத்திரியில் தூக்கமே போய்விட்டது. ஒரு மாதம் ஓய்வெடுக்காவிட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு மலையேறி வந்துவிட்டாள்.

ஓடுகிற மெஸ்ஸை எதற்குப் பூட்ட வேண்டும், மகள்தான் இருக்கிறாளே என்று யாராவது கேட்டால் அவளுக்கு முகம் சுருங்கும். அவள் சாமியிடம் கொண்டுவந்த கேள்வியே அதுதான்.

“சாமி, எனக்கு ஒரே மவ. பூரணின்னு பேரு. நான் பாடுபட்டதெல்லாம் அவளுக்குத்தான். ஆனா அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கா. இப்ப ஓசூர்ல ஏதோ கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போறேங்கா. ஊரான் அடுப்புல போய் வேவாளாம், எங்கூட நிக்க மாட்டாளாம். அவள எப்படி வரவைக்க?”

“பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?” என்று கேட்டார் சாமி.

“என்னமோ செய்வா. என் கைப்பக்குவம் வருமா?”

சாமி ஒரு தூண்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இந்த ஏரியில பழுப்பு ட்ரவுட்னு ஒரு மீன் இருக்குதுங்க அம்மிணி. மேலெல்லாம் கறுப்பும் செகப்புமாப் புள்ளி. அதுல ஒண்ணு புடிங்க. அப்புறம் பேசலாமுங்க.”

“மவளப் பத்திக் கேட்டா மீனப் பத்திச் சொல்லுதீகளே!”

“எனக்கு மீனப் பத்தித்தானுங்க தெரியும்.”

ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எத்தனையோ கல்யாணப் பந்திக்குச் சமைத்துப் போட்டவள், ஒரு மீனிடம் தோற்றுப் போவாளா என்ன?

மண்புழுவைத் தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கோதுமை மாவில் பூண்டும் பெருங்காயமும் தட்டிப் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுவந்தாள். நடு மதியத்தில் கரையில் உட்கார்ந்து வீசினாள். கெண்டைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. “ருசி தெரிஞ்ச பயலுவ!” என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ட்ரவுட் ஒன்றுகூட வரவில்லை.

“என்ன சாமி, உங்க மீனு பெரிய இடத்து மீனோ?”

“தண்ணியத் தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வெதுவெதுவென்று இருந்தது.

“அது குளுரு தேசத்து மீனுங்க. கோடையில ஏரி சூடாச்சுன்னா அதுக்கு மூச்சு முட்டும். ஜில்லுனு ஒரு எடம் தேடிப் போயிருமுங்க. அந்த எடத்தக் கண்டுபுடிங்க.”

“தண்ணிக்குள்ள இருக்க எடத்த எப்படிக் கண்டுபிடிக்க?”

“செருப்பக் கழட்டுங்க.”

அன்றிலிருந்து ஆவுடையம்மாள் ஏரியைக் காலால் தேடினாள். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குச்சியை ஊன்றி, கரையோரமாகவே நடந்தாள். பாசியில் வழுக்கித் தொப்பென்று விழுந்தாள். எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். சாமி பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக எப்போது இப்படி விழுந்து சிரித்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

சோலைக்காட்டுப் பக்கம், ஒரு சரிந்த பாறைக்கு அடியில், ஒரு நாள் அவள் கால் திடுக்கென்று குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். மணலைக் கிளப்பிக்கொண்டு அடியிலிருந்து ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது.

“யாத்தே!”

அந்தச் சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். உள்ளங்காலில் இத்தனை காலம் எரிந்துகொண்டிருந்த நெருப்பை யாரோ ஊதி அணைத்துவிட்டது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அன்று ராத்திரி தம்பி வீட்டில் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு அதுதான் அவள் இடம். விடிந்ததும் வருவாள், ஊற்றடியில் இறங்கி நிற்பாள், அங்கிருந்தபடியே நாலா பக்கமும் தூண்டில் வீசுவாள். மண்புழுவைத் தொடக்கூடப் பழகிவிட்டாள். ட்ரவுட் மட்டும் வரவே இல்லை. சாமி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

மத்தியானம் குடிலில் கெண்டைக் குழம்பு. ஒரு நாள் சாமி ஆசையாக எழுந்து வந்து கொஞ்சம் உப்புப் போட்டார். ஆவுடையம்மாள் அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க தள்ளி உக்காருங்க சாமி. ஒரே கை பட்டாத்தான் அது கொழம்பு.”

சாமி தள்ளி உட்கார்ந்தார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு அப்படி இருந்தது.

சனிக்கிழமை காலை, அவள் ஊற்றில் நின்றுகொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால் பாறைமேல் ஏறி நின்று பேசினாள்.

“எம்மா, ஓசூர்ல இன்னைக்குள்ள பதில் கேக்காவ. வாரேன்னு சொல்லப் போறேன்.”

“ஏட்டி, நம்ம அடுப்படி ஒண்ணு கெடக்குல்லா?”

“அது உன் அடுப்படிம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். சாயங்காலம் வரை யோசித்துச் சொல் என்று கெஞ்சிவிட்டு ஆவுடையம்மாள் போனை வைத்தாள். மறுபடியும் ஊற்றில் இறங்கினாள். தூண்டிலை ஓங்கி வீசினாள். அது பாசியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“மீனும் வரல, மவளும் வரல! ஜில்லுனு இருக்க எடத்தக் கண்டுபிடிக்கச் சொன்னீக, கண்டுபிடிச்சேன். தவங்கெடக்க மாதிரி நிக்கேன். எங்கதான் சாமி இருக்கு அந்த மீனு?”

“கொஞ்சம் கரைக்கு வாங்கம்மிணி.”

“என்னத்துக்கு?”

“வாங்க.”

கால் வர மறுத்தது. முனகிக்கொண்டே கரையேறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமி சிக்கியிருந்த தூண்டிலை விடுவித்து, புதுப் புழு மாட்டி அவள் மடியில் வைத்தார். அவள் பேச வாயெடுத்தாள். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

கலங்கியிருந்த மணல் மெல்ல அடங்கியது. வெயில் இன்னும் சோலையைத் தாண்டி வரவில்லை. ஆவுடையம்மாள் கொட்டாவி விட்டாள். உள்ளங்கால் மறுபடியும் லேசாக எரியத் தொடங்கியது. எழுந்து போய் நின்றுவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கால் தடம் இருந்த மணல்மேல் ஒரு நிழல் வந்து நின்றது.

வால் மட்டும் மெதுவாக அசைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

ஆவுடையம்மாள் சாமியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். “யாத்தே, எத்தாம் பெருசு!” என்றாள், மூச்சுக்குள்ளேயே.

“மெதுவா வீசுங்க. அதுக்கு முன்னால.”

வீசினாள். நிழல் திரும்பியது. அடுத்த நொடி தூண்டில் வில்லாக வளைந்தது. ஆவுடையம்மாள் போட்ட கூச்சலில் சோலையிலிருந்த பறவையெல்லாம் கிளம்பின. “விடமாட்டேன்! விடமாட்டேன்!” என்று அவள் குதித்தாள். சாமியும் குல்லா விழுந்தது தெரியாமல் குதித்தார்.

“சீக்கிரம் கொண்டாங்க! இந்தச் சூட்டுல ரொம்ப இழுத்தடிச்சா செத்துப்போயிருமுங்க!”

அவள் தூண்டில் சக்கரத்தைப் பலமாகச் சுற்றி இழுத்தாள். சாமி தண்ணீருக்குள் பாய்ந்து கைவலையில் ஏந்தினார். வலை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. ஆவுடையம்மாள் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தாள். நெய் நிறத்தில் வயிறு. முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. நடுநடுவே குங்குமப் பொட்டாகச் சிவப்பு. எத்தனையோ மீனை அறுத்துக் கழுவிய கை அவளுடையது. இதைத் தொடத் தயங்கியது.

“வறுக்கலாமுங்களா?” என்றார் சாமி.

“சும்மா இருங்க சாமி!”

கொக்கியை அவர் கழற்றினார். வலையை அவளே ஊற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். மீன் குளிரில் கொஞ்ச நேரம் செவுளை அசைத்துக்கொண்டு நின்றது. பிறகு பாறைக்கு அடியில் போய்விட்டது. அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

“இத்தன நாளும் இது எங்கன கெடந்துச்சு சாமி?”

“பக்கத்துலதானுங்க” என்றார் சாமி, குல்லாவைப் பிழிந்துகொண்டே. “சுடுதண்ணியில நின்னுக்கிட்டு, நீங்க எப்ப நகருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க.”

ஆவுடையம்மாளின் சிரிப்பு நின்றது. சாமியைப் பார்த்தாள். அவர் குல்லாவை உதறிக் காயப் போடுவதிலேயே கவனமாக இருந்தார். அவள் ஊற்றுக்குள்ளிருந்து சட்டென்று காலை எடுத்தாள். பாறைமேல் ஏறி மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி பூரணி, ஓசூருக்குச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. என்னம்மா, மூச்சு வாங்குது?”

“நாளைக்கு மெஸ்ஸத் தெற.”

“நீ கெளம்பி வாரியா?”

“நான் வரல. சாவி மருந்துக்கடை அண்ணாச்சிகிட்ட இருக்கு. வாங்கிக்க.”

“எங்கிட்ட குடுக்காம அவருகிட்டயா குடுத்த?”

“வாங்கிக்கன்னு சொல்லுதேன்ல.”

“யாரும்மா சமைக்க?”

“நீதான்.”

பூரணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“என்ன கொழம்பு வைக்கட்டும்?”

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். என்ன குழம்பு, எத்தனை மிளகாய், புளியை எப்போது கரைத்து ஊற்றுவது, எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கீழே ஊற்றடி மணல் தெளிந்து கிடந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“எம்மா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

“சரி” என்றாள் பூரணி. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. “நானே பாத்துக்கிடுதேன்.”