சுவர் இல்லாத வாரம்

"மேடம், எனக்கு நேரமே பத்தலை."

பெனிட்டா இதைச் சொன்னபோது உமையாள் மேடம் தயிர்சாதத்தில் மாங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்தவர் சாப்பிடும் நேரத்தில் வந்து கதவைத் தட்டுகிறவளுக்கு நேரம் எப்படிப் பத்தும்?

பெனிட்டா கட்டடக்கலை மூன்றாம் வருஷம், குளச்சல்காரி. மாடாக உழைப்பாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் போன தடவை ஜூரியில், செய்ததைத் தேர்வாளர் முன்னால் வைக்கும் நாளில், பாதி வரைபடத்தோடு நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஜூரி. இதிலும் முடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் போச்சு, ஜூனியர்களோடு போய் உட்கார வேண்டியதுதான்.

"எவ்வளவு பத்தலை?"

"ஒரு நாளைக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் கிடைச்சா சமாளிச்சிடுவேன்."

"அது என் கையில இல்லையே. ஒண்ணு பண்ணு. வர்ற வாரத்துக்கு ஒரு பிளான் போட்டுட்டு வா. கிராஃப் தாள்ல. ஒரு கட்டம், ஒரு மணி நேரம்."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள்.

ஏழு வரிசை, வரிசைக்கு இருபத்து நாலு கட்டம். வரைபடத்துக்கு நீலம், மாடலுக்குப் பச்சை, வகுப்புக்கு மஞ்சள். தூக்கத்துக்கு நாலே கட்டம், சாம்பல் நிறம். ஒரு கட்டம்கூடச் சும்மா இல்லை. அவள் முகத்தில் அத்தனை பெருமை.

மேடம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. சுவர் எங்க?"

"சுவரா? மேடம், இது டைம்டேபிள்."

"நான் பிளான்தான கேட்டேன்?"

பெனிட்டாவுக்கு முதல் வருஷம் ஞாபகம் வந்தது. மனைக்குள் எட்டு அறையை இடுக்கில்லாமல் அடுக்கி, ஓர் அங்குலம்கூட வீணாக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். சுவருக்குக் கனம் உண்டென்பதையே மறந்திருந்தாள். முக்கால் வகுப்பு அதே தப்பைச் செய்திருந்தது. சிரித்தது என்னவோ இவளைப் பார்த்துத்தான்.

"நேத்து பிரிண்ட் கடையில எவ்வளவு நேரம் நின்ன?"

"ஒரு மணி நேரம். கூட்டம்."

"இதுல அது எங்க?"

பெனிட்டா விரலால் கட்டம் கட்டமாகத் தேடினாள்.

"ஹாஸ்டல்ல குளிக்க வரிசை? பசை காயறது? ஒரு வேலைய எடுத்து வெச்சிட்டு இன்னொண்ணுல மனசு போய் உட்கார்றது?"

பெனிட்டாவின் விரல் கடைசி வரிசைக்கே வந்துவிட்டது.

மேடம் சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினார். "கட்டு."

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வேலைக்கும் இடையில் அரைக் கட்டம் சுவர் வைத்தாள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்து நாலு சுவர். இருபத்திரண்டு மணி நேரம். அத்தனையையும் தன்னிடமிருந்து யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் பொருமிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இப்ப எதுவும் உள்ள அடங்கலை."

"அடங்காதுதான்."

"என்ன செய்யட்டும்?"

மேடம் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது பச்சைதான். அதாவது மாடலில் வைக்கும் மரங்கள். தன் ஊர்க் கடற்கரைக்கு ஒரு மீனவர் கூடம் வடிவமைத்திருந்தாள். அதைச் சுற்றி எண்பது மரம், ஒவ்வொன்றும் செம்புக் கம்பியைக் கையால் முறுக்கிச் செய்வது. இருபத்து மூன்று முடிந்திருந்தது. கூடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

அறைக்குப் போய், முடித்த மரங்கள் இருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். பொய் சொல்வானேன், நன்றாகவே அழுதாள். பிறகு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மிச்சமிருந்த பச்சையில் இரண்டு கட்டத்தைச் சாம்பலாக்கினாள்.

செவ்வாய்க்கிழமை மாடலின் கூரைக்குப் பசை தடவினாள். காய அரை மணி நேரம். போன வாரமாக இருந்தால் அதை ஊதி ஊதியே பாதி உயிர் போயிருக்கும். இப்போது அந்த அரைக் கட்டம் பிளானில் இருந்தது. டீ குடித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் டீ சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லா வரைபடமும் சுவரில் ஏறியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குறுக்குவெட்டுப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கடற்காற்று கூடத்துக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார்.

பெனிட்டாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பின்னால் உமையாள் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

தேர்வாளர் மாடல் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, மரமே காணோம்?"

"ஒண்ணு இருக்கு சார்."

குனிந்து பார்த்தார். கூடத்து வாசலில், வலை பின்னுகிறவர்கள் உட்காரும் இடத்தில், செம்புக் கம்பியில் ஒற்றை மரம்.

"ஏன் ஒண்ணே ஒண்ணு?"

"சுவருக்கு இடம் விட வேண்டியிருந்துச்சு சார்."

தேர்வாளர் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து, அது எந்தச் சுவர் என்று தேடிக்கொண்டிருந்தார்.

உமையாள் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.