நாளைக்குப் போய் வந்த ஜெயசீலன்

ஒரு பிழையைக் கண்டவுடன் அதைத் திருத்துகிறீர்களா, அல்லது முன்பு திருத்திய பிழைகளின் பெருமையைப் பேசத் தொடங்குகிறீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில், பேருந்து முன்பதிவுத் தளம் நடத்தும் அலுவலகம் ஒன்றில் செண்பகவல்லி கலங்கிப்போயிருந்தாள். பொங்கல் முன்பதிவு மறுநாள் காலை தொடங்குகிறது. தளமோ, ஓர் இருக்கையைத் தொட்டால் பேருந்தே நிரம்பிவிட்டதாகக் காட்டியது. எவரும் தொட அஞ்சி, மேலே மேலே ஒட்டுப்போட்டு வந்த பழைய கணினி நிரல் அது. அதன் உள்வழி அறிந்தவர் ஜெயசீலன் ஒருவரே. அவரோ கேன்டீனில் பிற்பகல் தேநீரும் கையுமாக இருந்தார். செண்பகவல்லி அங்கேயே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"பதறாதம்மா. நான் செஞ்ச கருவி இருக்கு. புரோகிராம் ஓடுறத அப்படியே பதிஞ்சு, கிரிக்கெட் ரீப்ளே மாதிரி பின்னாடி ஓட்டும். தப்பு எந்த வரியில நடந்துச்சோ, அங்கயே போய் நிக்கலாம்."

இதுவரை அவர் சொன்னது உண்மைதான். உண்மையோடு நின்றுவிட நாவுக்குத்தான் மனம் வருவதில்லை.

"ஒரு நாள் வேகமாத் தள்ளிட்டேன். குடிச்ச டீ கப்புக்கே திரும்பிடுச்சு!"

"சூடாவா, ஆறியாங்ணா?" என்றான், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சோதனைப் பிரிவு முபாரக்.

"ஆவி பறக்க! சர்க்கரை தனியாப் பிரிஞ்சு ஸ்பூன்ல ஏறிக்கிச்சு. இன்னும் தள்ளினேன். இந்தக் கட்டடமே காணோம். சோளக்காட்டு வரப்புல நானும் லேப்டாப்பும் மட்டும்."

"காட்டுக்குள்ள கரண்ட் ஏதுங்ணா?"

"பின்னாடி வரப்போற கரண்ட்டை முன்கூட்டியே இழுத்துக்கிட்டேன். அங்கயிருந்தே பழைய புரோகிராமையெல்லாம் புதுசாக்கினேன். வயசான வரிங்க வரிசையில நின்னு, 'ஐயா, எங்களுக்கு ஓய்வு குடுங்க'ன்னு அழுதுச்சு. ஆளுக்கொரு மாலை போட்டு அனுப்பி வச்சேன்."

முபாரக்குக்குப் புரையேறியது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குப் போக ஆசையோடு காத்திருக்கும் முகங்களே அவள் கண்முன் நின்றன.

"அண்ணா, நாளைக்கு என்ன ஆகும்?"

"அதையும் பார்த்துட்டேனே! கருவியை முன்னாடி ஓட்டி நாளைக்கே போய் வந்தேன். டிக்கெட் புக்கிங் தண்ணி மாதிரி ஓடுது."

அவள் நிதானமாகச் சொன்னாள்: "நானும் உங்களுக்குப் பின்னாடியே வந்தேனுங்ணா. எப்படிச் சரியாச்சுன்னு அங்க விசாரிச்சேன். 'நேத்து ஜெயசீலன் பேச்சை நிறுத்திட்டு, எந்திரிச்சுப் போய்ச் சரி பண்ணினாரு'ன்னு சொன்னாங்க. அவங்க சொன்ன நேத்து இன்னைக்குத்தானுங்ணா. எந்திரிங்க, இப்பவே!"