கொம்புக்குக் காவல் இருந்த பனிமான்

வடக்கே ஒரு மலைச்சரிவில் பனிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதில் கொம்பழகி என்ற பெண்மானுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பனிமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. குளிர்காலத்தில் பனியைத் தோண்டித்தான் பாசி தின்ன வேண்டும். யார் கொம்பு பெரிதோ, அவளுக்கே நல்ல குழி! கொம்பழகி ஒருமுறை தலையை ஆட்டினால் போதும், மற்ற மான்கள் இடத்தைக் காலி செய்துவிடும்.

பனி உருகும் காலத்தில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. ஐந்தாம் நாள் இரண்டு கொம்புகளும் பொத்தென்று விழுந்தன. வருடாவருடம் விழும், மறுபடி முளைக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மானமே போனதுபோல் இருக்கும். இந்தத் தடவை அவள் ஒரு முடிவெடுத்தாள்.

"தலையில இருந்தா என்ன, தரையில கிடந்தா என்ன? என் கொம்பை ஒருத்தரும் தொடக் கூடாது!"

சொன்னதோடு நிற்கவில்லை. கொம்புகளுக்குப் பக்கத்திலேயே காவலுக்குப் படுத்துவிட்டாள். எட்டிய புல்லைக் கடித்ததோடு சரி, மேய்ச்சலுக்கே போகவில்லை. நல்ல காவல்காரிதான், போங்கள்!

மூன்றே நாளில் பால் வற்றியது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது. அதன் கால்கள் வெடவெடத்தன.

கூட்டத்தின் தலைவி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆறு நாள்ல ஆத்தைக் கடக்கப் போறோம். நீந்தத் தெம்பில்லாத குட்டியை ஆறு விட்டு வைக்காது!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொம்பழகி குட்டியை நக்கிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து முதுகுப் பக்கம் ஒரு சத்தம். கறுக், கறுக்! ஒரு பனியெலி கொம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"அடி திருடி! ஒரு மிதி மிதிச்சேன்னா சட்னிதான்!"

எலி நடுங்கியது. ஆனால் ஓடவில்லை. "மிதிச்சிடாதே அக்கா! பொந்துல ஏழு பிள்ளைங்க. பால் குடுத்துக் குடுத்து என் எலும்பெல்லாம் உளுத்துப் போச்சு. இதைக் கொறிச்சாத்தான் எனக்குப் பால் ஊறும்!"

"கொம்புல இருந்து பாலா? யாருக்குக் காது குத்துறே?"

"நீ தின்ன இலையும் நக்கின உப்பு மண்ணும்தானே கொம்பா வளர்ந்துச்சு? உன் உடம்புச் சத்து இதுலதான் இருக்கு. அதைக் காவல் காத்துக்கிட்டே பிள்ளையைப் பட்டினி போடுறியே அக்கா!"

கொம்பழகிக்குச் சுருக்கென்று தைத்தது. குட்டியைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள். சொந்தக் கொம்பைத் தானே தின்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. குட்டி மறுபடி முனகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நறுக்கென்று ஒரு கடி கடித்தாள்.

நாக்கில் உப்புக் கரித்தது. அடடா, என்ன ருசி! அதற்கப்புறம் அவளால் நிறுத்தவே முடியவில்லை. கடித்தாள், போய் மேய்ந்தாள், திரும்பி வந்து கடித்தாள். "அந்தப் பக்கம் நீ கொறி தங்கச்சி, பயப்படாதே" என்று எலிக்கும் இடம் விட்டாள். நான்காம் நாள் மடி கனத்தது. குட்டி வாயோரம் நுரை தள்ளத் தள்ளக் குடித்ததைப் பார்த்து அந்தத் தாய் அழுதேவிட்டாள்.

ஆற்றில் இறங்க வேண்டிய காலையில், மிச்சமிருந்த கொம்பை வாயில் கவ்விக்கொண்டு எலியின் பொந்துக்குப் போனாள். கொம்பை வாசலில் வைத்துவிட்டு, மூக்கு மண்ணில் படும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

"என் பிள்ளை உசுரு நீ குடுத்தது தங்கச்சி!"

"நான் எங்கே அக்கா குடுத்தேன்? அது உன் கொம்பு!"

"கொம்பு சும்மாதான் கிடந்துச்சு. அது சாப்பாடுன்னு நீ சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது! நீ நல்லா இருக்கணும்!"

அன்று குட்டி தாயை ஒட்டியே நீந்தி அக்கரை ஏறியது.

நல்லது சொன்னவர் எத்தனை சிறியவரானாலும், அவருக்கு நன்றி சொல்லத் தாழும் தலையே உயர்ந்த தலை.